மை பட்ட கை அரிப்பது ஏன்?

சுவரில் நாள்காட்டி தொங்குகிறது. மேலே முருகன் படம். மயிலின் கழுத்து நல்ல நீலம். வேலின் நுனி தங்க நிறம். வீட்டுப் பெரியவர் காலையில் எழுந்ததும் தாளைக் கிழிக்கிறார். அம்மா ராகு காலம் பார்க்கிறாள். பையன் இந்த மாதம் எத்தனை விடுமுறை என்று எண்ணுகிறான்.

அந்தப் படத்தை அச்சிட்ட தொழிலாளியின் கையை யாரும் பார்ப்பதில்லை.

எல்லாத் தொழிலாளர்களுக்கும் அல்ல. சிலருக்கு அந்தக் கை இப்படி இருக்கிறது. விரல் இடுக்கில் தோல் சிவந்திருக்கிறது. புறங்கையில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். உடைந்த இடத்தில் நீர் கசிகிறது. காய்ந்த இடத்தில் தோல் தடித்துப் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. குழம்புச் சோற்றைப் பிசைந்தால் சுரீர் என்று எரிகிறது. இரவு முழுவதும் அரிப்பு.

"இது என்ன அண்ணே?" என்று புதிதாக வேலைக்கு வந்த பையன் கேட்பான்.

"மிஷின் வேலை என்றால் அப்படித்தான். போகப் போகப் பழகிவிடும்" என்று பதில் வரும்.

போகப் போகப் பழகிவிடும் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. சிலருக்குப் போகப் போக முற்றுகிறது. பத்து வருடம், பதினைந்து வருடம் கற்ற தொழிலையே விட்டுவிட்டுப் போகும் நிலை வருகிறது. இத்தனைக்கும் இது காரணம் தெரியாத நோய் அல்ல. காரணமும் தெரியும். தடுக்கும் வழியும் தெரியும்.

லேபிளால் வளர்ந்த தொழில்

தமிழ்நாட்டில் அச்சு என்றால் சிவகாசி நினைவுக்கு வரும். மழை குறைந்த பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தது. பட்டாசு வந்தது. பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே! லேபிள் அடிக்க அச்சு மிஷின்கள் வந்தன.

லேபிளோடு நிற்கவில்லை. காலண்டர், டைரி, நோட்டுப் புத்தக அட்டை, வாழ்த்துக் கார்டு என்று தொழில் பெருகியது. ஆடிப் பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பத்தை வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். அன்று பிடிக்கும் வேலை மார்கழி வரையில் ஓயாது.

சிவகாசியைச் சொல்வது உதாரணத்துக்குத்தான். சென்னையின் சந்துகளிலும், மற்ற ஊர்க் கடைத்தெருக்களிலும், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறிய பட்டறையிலும் இதே மைதான், இதே தின்னர்தான்.

ரோலர் கழுவும் நேரம்

ஆப்செட் அச்சு ஒரு சின்னத் தந்திரத்தில் நடக்கிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒன்றோடு ஒன்று சேராது. படம் உள்ள இடத்தில் எண்ணெய் மை ஒட்டும். படம் இல்லாத இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிற்கும் இடத்தில் மை ஒட்டாது. 1790-களில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனபெல்டர் என்பவர் கல்லை வைத்து இதைக் கண்டுபிடித்தார். இப்போது கல்லுக்குப் பதிலாக அலுமினியப் பிளேட்.

பிளேட்டை நனைக்கும் தண்ணீர் வெறும் குழாய்த் தண்ணீர் அல்ல. அதில் பிசின் இருக்கும். அமிலம் இருக்கும். ஆல்கஹால் இருக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தும் இருக்கும். அந்த மருந்தே சிலர் தோலுக்கு ஆகாது.

ஆனாலும் மிஷின் ஓடும்போது கைக்கு வரும் தொல்லை குறைவு. மிஷின் நின்ற பிறகுதான் தொல்லை அதிகம்.

சிவப்பு அடித்த மிஷினில் அடுத்து மஞ்சள் அடிக்க வேண்டும். ரோலரில் இருக்கும் சிவப்பு மை முழுவதும் போக வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், இவற்றில் எது கையில் இருக்கிறதோ அதை ஊற்றுகிறார்கள். பனியன் வேஸ்ட் துணியை அதில் நனைத்துத் துடைக்கிறார்கள். ரப்பர் பிளாங்கெட்டையும் அப்படியே துடைக்கிறார்கள். வெறுங்கை! துணியைப் பிழியும்போது திரவம் மணிக்கட்டு வரையில் வழிகிறது. ஒரு நாளில் இது பல தடவை.

வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும் அல்லவா? மை சோப்புக்குப் போவதில்லை. அதனால் மறுபடியும் மண்ணெண்ணெயை எடுத்துக் கையிலேயே தேய்க்கிறார்கள். அதன் மேல் துணி துவைக்கும் சோப்புத் தூள். சிலர் மரத்தூளையும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். கை வெளுக்கிறது. தோலுக்குப் பெரிய ஆபத்து இந்தக் கடைசி ஐந்து நிமிடத்திலும் வருகிறது.

இரண்டு விதமான தொல்லை

மனிதத் தோலின் மேல் அடுக்கில் ஒரு வகைக் கொழுப்பு இருக்கிறது. செங்கல்லுக்கு இடையே பூசிய சுண்ணாம்பு மாதிரி அது செல்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தின்னருக்கு மைக் கொழுப்பு என்றும் தோல் கொழுப்பு என்றும் பேதம் தெரியாது. இரண்டையும் கரைத்துவிடும். தோல் வறண்டு வெடிக்கும். இது முதல் விதம். இதற்கு உறுத்தல் அழற்சி என்று பெயர். யாருக்கும் வரலாம். அதிகமாகப் பட்டால் அதிகமாக வரும். படுவதைக் குறைத்தால் குறையும்.

இரண்டாவது விதம்தான் பொல்லாதது. அதுதான் ஒவ்வாமை. அலர்ஜி என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

வெடித்த தோல் வழியாக ஏதாவது ஒரு ரசாயனம் உள்ளே போகிறது. உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்கள் அதைப் பகைவன் என்று எண்ணி அடையாளம் வைத்துக்கொள்கின்றன. இதற்குச் சுமார் இரண்டு வாரமாவது ஆகும். சிலருக்கு ஒன்றுமே நடக்காமல் பல வருடங்கள் ஓடிவிடும். "இருபது வருடமாக இதைத்தான் தொடுகிறேன். இப்போது மட்டும் ஏன் வரப் போகிறது?" என்று தொழிலாளி கேட்பதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இருபதாவது வருடத்திலும் வரலாம்.

ஒரு தடவை அடையாளம் வைத்துவிட்டால் உடம்பு லேசில் மறப்பதில்லை. பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். பிறகு அந்தப் பொருள் ஒரு துளி பட்டாலும் போதும். ஒன்று இரண்டு நாளில் கை சிவக்கும், அரிக்கும், கொப்புளிக்கும். அளவைக் குறைத்தால் மட்டும் போதாது.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் கை வறண்டு வெடிக்கத் தொடங்கும்போதே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். வெடிப்பு திறந்த கதவு மாதிரி. அதன் வழியாகத்தான் ஒவ்வாமை எளிதில் நுழைகிறது.

செருப்பும் சிமெண்டும்

எந்தெந்தப் பொருள் இப்படிச் செய்யும்?

பழைய நாளில் முதல் குற்றவாளி குரோமியம். பிளேட் செய்யும்போது பைக்ரோமேட் என்ற ஆரஞ்சு நிற உப்பைப் பிசினில் கலந்து தடவுவார்கள். வெளிச்சம் பட்டால் அது இறுகிவிடும். அதைக் கொண்டே படம் பிளேட்டில் ஏறும். உலகத்தில் பல நாடுகளில் அச்சுத் தொழிலாளர்களின் கையைப் புண்ணாக்கியது இந்த உப்பு. பின்னால் மருந்து பூசியே வரும் பிளேட்டுகள் வந்தன. பிறகு கம்ப்யூட்டரே பிளேட் செய்தது. ஆப்செட் அச்சகத்தில் பைக்ரோமேட்டின் காலம் ஓய்ந்தது. ஆனால் ஸ்கிரீன் அச்சுப் பட்டறையில் ஸ்கிரீனுக்கு மருந்து பூச அதைப் பயன்படுத்துவது உண்டு. பயன்படுத்தும் பட்டறைக்காரர் விழிப்பாக இருக்க வேண்டும்.

குரோமிய ஒவ்வாமையின் கொடுமை அச்சகத்தோடு நிற்பதில்லை. "இந்த வேலை வேண்டாம், கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகிறேன்" என்று ஒருவர் போவார். சிமெண்டிலும் குரோமியம் இருக்கிறது! கை மறுபடியும் வெடிக்கும். தோல் செருப்பு வாங்கிப் போடுவார். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலைப் பதனிடப் பயன்படுவதும் குரோம் உப்புத்தான். சரியாகப் பதனிடாத தோலில் அது மிஞ்சி நிற்கும். இப்போது காலும் அரிக்கும். காரணம் தெரியாமல் அவர் அலைவார்.

இந்தக் காலத்தில் பெயர் சொல்லப்படுவது யூ.வி. மை. பளபளப்பான மருந்துப் பெட்டி, சோப்பு அட்டை, லேபிள் இவற்றில் பலவற்றை இந்த மையில் அடிக்கிறார்கள். புற ஊதா ஒளி பட்டதும் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். முதலாளிக்கு நேரம் மிச்சம். ஆனால் காயாத மையில் அக்ரிலேட் என்ற பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வாமை உண்டாக்குவதில் அவை கெட்டிக்காரப் பொருள்கள். கையில் மட்டும் அல்ல, மை பட்ட விரலால் தொட்ட கண் இமையிலும் வீக்கம் வரும். சட்டையில் பட்டால் சட்டைக்குக் கீழே வரும்.

டர்பன்டைனும் உண்டு. மை சீக்கிரம் காயச் சேர்க்கும் கோபால்ட்டும் உண்டு.

வாங்குகிறவர்கள் பயப்பட வேண்டியது இல்லை. காய்ந்து முடிந்த படத்தைச் சுவரில் மாட்டுவதால் இந்த நோய் வராது. ஈர மையோடும் கழுவும் திரவத்தோடும் நாள் முழுவதும் இருப்பவர்களுக்குத்தான் தொல்லை.

ஒட்டுவாரொட்டி அல்ல

வீட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும்.

கையில் நீர் வடிந்தால் வீட்டில் பயம் வந்துவிடுகிறது. தனித் துண்டு, தனித் தட்டு. குழந்தையைத் தூக்க விடுவதில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சற்று நகர்ந்து உட்காருகிறார். உழைத்துச் சம்பாதித்து வந்தவருக்கு இதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும்?

இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. தொட்டால் ஒட்டாது. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். மை தோய்ந்த வேலைச் சட்டையை மட்டும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். துவைக்கிறவர் வீட்டுப் பெண் என்றால் அவர் கைக்கும் காப்பு வேண்டும்.

அடுத்தது பத்தியம். "ரத்தம் கெட்டுவிட்டது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது" என்று நிறுத்துகிறார்கள். கருவாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் வெறுங்கையோடு தின்னரில் இறங்கினால் எப்படிக் குணமாகும்?

அதற்கும் மேலே மருந்துக் கடைக் களிம்பு. கடைக்காரரிடம் கையைக் காட்டி ஒரு டியூப் வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அதனால் மறுபடியும் வாங்குகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரையில் போட்டால் அது நல்ல மருந்துதான். மாதக் கணக்கில் தானாகப் போட்டுக்கொண்டால் தோல் மெலிந்துவிடும். வந்தது அலர்ஜி அல்ல, படர்தாமரை என்றால் இன்னும் மோசம். மேலே மறைத்து உள்ளே வளர்த்துவிடும்.

தொழில் நோய்தானா என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்பு உண்டு. லீவு நாளில் குறைகிறதா? வேலைக்குப் போன இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அதிகமாகிறதா? பொங்கலுக்குப் பிறகு வேலை இல்லாத நாட்களில் ஆறிய கை, ஆடிக்குப் பிறகு மறுபடியும் வெடிக்கிறதா? அப்படியானால் காரணத்தை அச்சகத்தில் தேட வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் தேட வேண்டாம்.

முதுகில் ஒரு பரீட்சை

குறிப்பு போதாது, உறுதி வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. 1895-ம் ஆண்டில் யோசெப் யாடசோன் என்ற ஜெர்மன் தோல் டாக்டர் இதை உலகுக்குச் சொன்னார். இன்றும் அதுதான் வழி.

சந்தேகப்படும் பொருள்களை மிகச் சிறிய அளவில், தோல் தாங்கும் பக்குவத்தில், முதுகில் வரிசையாக ஒட்டுவார்கள். இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். முதுகில் தண்ணீர் படக் கூடாது. பிறகு எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். எந்த இடம் சிவந்து தடித்திருக்கிறதோ அந்தப் பொருள்தான் எதிரி. ஊசி இல்லை, கத்தி இல்லை. வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. தின்னரை அப்படியே தோலில் வைத்துக் கட்டினால் நல்ல தோலும் புண்ணாகிவிடும்.

டாக்டரிடம் போகும்போது அச்சகத்தில் தொடும் பொருள்களின் பெயரை எழுதிக்கொண்டு போக வேண்டும். இங்கேதான் சிக்கல். டப்பாவில் பெயரே இருப்பதில்லை! பெரிய பீப்பாயிலிருந்து பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி மிஷின் பக்கத்தில் வைத்திருப்பார்கள். தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து ஒரு பக்கம். "என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்டால் "வெள்ளையாக இருக்கும் சார்" என்று சொல்ல வேண்டியிருப்பது இன்னொரு பக்கம்.

பெயர் தெரியாத திரவம் தோலோடு விடும் என்பதும் நிச்சயம் இல்லை. ஜப்பானில் ஒசாகா நகரத்து அச்சகம் ஒன்றில் வேலை செய்த இளவயதுத் தொழிலாளர்கள் பலருக்குப் பித்த நாளத்தில் புற்றுநோய் வந்தது 2012-ம் ஆண்டில் வெளிச்சமாயிற்று. காற்றோட்டம் போதாத அறையில் மிஷினைத் துடைக்க அவர்கள் பயன்படுத்திய திரவத்தில் டைகுளோரோபுரோப்பேன் இருந்தது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2014-ம் ஆண்டில் முடிவு செய்தது.

முதலாளிகள் கவனிக்க வேண்டியது

அச்சகம் நடத்துகிறவர்களில் பலர் மிஷின் பக்கத்தில் நின்று வளர்ந்தவர்கள்தான். அவர்கள் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் பாதித் தொல்லை தீரும்.

கையுறை கொடுக்க வேண்டும். ஆனால் ஏதோ ஒரு கையுறை போதாது. ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய ரப்பர் கையுறை மண்ணெண்ணெய் பட்டால் உப்பிப் பிய்ந்துவிடும். நைட்ரைல் கையுறை மண்ணெண்ணெய்க்குத் தாங்கும். எல்லாத் திரவத்துக்கும் தாங்கும் கையுறை என்று ஒன்று கிடையாது. அக்ரிலேட் மெல்லிய கையுறையைத் துளைத்துக்கொண்டு சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். யூ.வி. மை ஓட்டும் இடத்தில் அதற்கு ஏற்ற கையுறையை விற்பனையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். அடிக்கடி மாற்ற வேண்டும். கிழிந்த கையுறை வெறுங்கையைவிட மோசம். உள்ளே போன திரவம் வெளியே வராமல் தோலிலேயே ஊறும். ரப்பரில் சேர்க்கும் மருந்தே சிலருக்கு அலர்ஜி என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று மிக முக்கியம். ஓடும் ரோலர் பக்கத்தில் கையுறையோடு போகவே கூடாது. ரோலர் கையுறையைப் பிடித்து இழுத்தால் கையும் கூடவே போகும். மிஷினை நிறுத்திவிட்டுத்தான் கழுவ வேண்டும். அவசர ஆர்டர் என்று ஓட விட்டே துடைக்கச் சொல்லும் மேஸ்திரி, விரல் போனால் என்ன பதில் சொல்வார்?

கழுவும் திரவத்தையும் மாற்றலாம். ஐரோப்பாவில் 1990-களிலேயே தாவர எண்ணெயிலிருந்து செய்த கழுவும் திரவங்களை ஆப்செட் மிஷினுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். அவை மெதுவாகத்தான் மையை எடுக்கும், சீக்கிரம் ஆவியாகாது, பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். கொஞ்சம் நேரம் கூடும். கைக்கு நல்லது; மூச்சுக்கும் நல்லது.

கை கழுவும் இடத்தில் மண்ணெண்ணெயை அடியோடு நிறுத்த வேண்டும். மை பட்ட கையில் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் மை இளகும். துணியால் துடைத்துவிட்டு, உடம்புக்குப் போடும் சோப்பால் கழுவினால் போதும். கடைசியில் ஈரத்தை ஒற்றிவிட்டு வாசலின் தடவ வேண்டும். கழுவும்போது மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். சோப்பும் மையும் அதன் அடியில்தான் தங்கும். ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய், ஒரு சோப்பு, சுத்தமான துண்டு. ஒரு காலண்டர் ஆர்டரின் செலவுக் கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது.

சட்டமும் சும்மா இல்லை. கை கழுவ வசதி வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ரசாயனங்களால் வரும் தோல் அழற்சியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் மூன்று பேர், நான்கு பேர் வேலை செய்யும் அச்சகத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருகிறார்? அறிவிக்க வேண்டிய டாக்டரிடம், தான் என்ன வேலை செய்கிறேன் என்று தொழிலாளி சொல்கிறாரா?

என்ன தொழில்?

பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய டாக்டர் 1700-ம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1713-ம் ஆண்டில் அதை விரிவாக்கியபோது அச்சுத் தொழிலாளர்களையும் சேர்த்தார். நோயாளியிடம் டாக்டர் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர்தான்.

முன்னூறு வருடம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் எழுதுகிறார்கள். வயது எழுதுகிறார்கள். தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள்.

அச்சுத் தொழிலாளியோ, கூடப் போகும் மனைவியோ, அந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். "ஆப்செட் மிஷின் வேலை, தினமும் தின்னரில் ரோலர் கழுவுகிறார்" என்று எழுதச் சொல்ல வேண்டும்.